செவ்வாய் லேண்டர் சிமுலேஷன்: எப்படி ஓட்டினாலும் பத்திரமாகவே இறங்குகிறது, எதை விட்டிருக்கிறேன்?

பட்டாலை (காரைக்குடி)

கடைசி வருட மெக்கானிக்கல். பிராஜெக்டுக்காக ஒரு லேண்டர் செவ்வாயில் இறங்குவதைப் பைதானில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அளவெல்லாம் நாசாவின் செவ்வாய் லேண்டர்களான ஃபீனிக்ஸ், இன்சைட் கணக்குதான்: 600 கிலோ, 2.65 மீட்டர் அகல வெப்பக் கவசம், 125 கி.மீ. உயரத்தில் வினாடிக்கு 5.6 கி.மீ. வேகத்தில் உள்ளே நுழைகிறது. ஈர்ப்பு 3.71. காற்றின் அடர்த்தி தரையில் கனமீட்டருக்கு 0.02 கிலோ, மேலே போகப் போக 11 கி.மீ.க்கு ஒரு தடவை 2.7 மடங்கு குறையும்படி போட்டிருக்கிறேன். கவசம் வேகத்தைக் குறைத்ததும் பாராசூட், அப்புறம் கவசம் கழல்கிறது, கால் விரிகிறது, தரைக்கு ஒரு கி.மீ. மேலே பாராசூட்டை விட்டுவிட்டு இஞ்சின். கடைசியில் வினாடிக்கு 2.4 மீட்டரில் தரையைத் தொட வேண்டும். தொடுகிறது.

அதுதான் சங்கடமாக இருக்கிறது. காற்றின் அடர்த்தியை 20 சதவீதம் ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன், நுழையும் கோணத்தை மாற்றினேன், எடையைக் கூட்டினேன். எதற்கும் அசையவில்லை, அழகாக இறங்குகிறது. இத்தனை பெரிய நாடுகள் கோடிக் கோடியாகச் செலவழித்து மோதிக்கொண்டிருக்கும்போது என் பழைய லேப்டாப் மட்டும் தவறாமல் இறக்குகிறது என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? கைடிடம் காட்டினேன், "நல்லா வந்திருக்கே, ரிப்போர்ட் எழுது" என்று சொல்லிவிட்டார்.

குழிப்பணியாரம்

தம்பி, உலகத்திலேயே புரோகிராம் ஓடுதே என்று கவலைப்பட்டு இழை திறந்த முதல் ஆள் நீங்கள்தான். கைடு சொன்னபடி ரிப்போர்ட் எழுதிவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள்.

புதுவயல் ரைஸ்மில்

எனக்கு இந்தப் படிப்பெல்லாம் இல்லை, ஆனால் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி. பாராசூட் இருக்கும்போது இஞ்சின் எதற்கு? பெரிய பாராசூட்டாகப் போட்டு மெதுவாக இறக்கிவிட வேண்டியதுதானே. இஞ்சின் இல்லை என்றால் பாதிச் சிக்கல் போயிற்று.

தேவகோட்டை வாத்தியார்

ரைஸ்மில் அண்ணாச்சி கேட்டது நல்ல கேள்வி, பேப்பரிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். பாராசூட்டில் தொங்கும் பொருள் ஒரு நிலையான வேகத்துக்கு வரும். அங்கே எடையும் காற்றின் இழுவையும் சமம். இழுவை என்பது அரை × காற்றின் அடர்த்தி × வேகத்தின் இருமடி × பரப்பு × இழுவைக் கெழு (வடிவத்தைப் பொறுத்த ஒரு எண்). ஃபீனிக்ஸ் பாராசூட் கிட்டத்தட்ட 11.8 மீட்டர் விட்டம், பரப்பு 109 சதுர மீட்டர். கவசம் கழன்ற பிறகு எடை 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம், இழுவைக் கெழு 0.6, அந்த உயரத்தில் அடர்த்தி 0.015. கணக்குப் போட்டால் வினாடிக்கு 61 மீட்டர் வருகிறது. மணிக்கு 220 கி.மீ. அந்த வேகத்தில் தரையில் மோதினால் பொறுக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது.

இதை வினாடிக்கு 3 மீட்டராக்க வேண்டுமென்றால் வேகம் 20 மடங்கு குறைய வேண்டும், அதற்குப் பரப்பு 400 மடங்கு, அதாவது விட்டம் 20 மடங்கு. 240 மீட்டர் அகலப் பாராசூட். அதன் எடையைத் தூக்கவே தனி ராக்கெட் வேண்டும், அந்த எடையைத் தாங்க இன்னும் பெரிய பாராசூட் வேண்டும்! செவ்வாயின் காற்றடர்த்தி நம் கடல்மட்டக் காற்றில் நூறில் இரண்டு பங்குக்கும் கீழே. எரித்துத் தள்ளுகிற அளவுக்கு இருக்கிறது, ஏந்திப் பிடிக்கிற அளவுக்கு இல்லை. அதனால்தான் இத்தனை கட்டமாக இறக்க வேண்டியிருக்கிறது.

பட்டாலை தம்பி, காலப் படி, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவே உள்ள நேரம், எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? சாதாரண ஆய்லர் முறையில் ஒரு வினாடிப் படி வைத்தால் பாராசூட் விரியும் இடத்தில் பொய்க் கணக்கு வரும்.

பட்டாலை (காரைக்குடி)

ஆய்லரைவிடத் துல்லியமான ரங்கே-குட்டா நான்காம் படி முறைதான் சார். பாராசூட் விரியும்போதும் கடைசி ஒரு கி.மீ.யிலும் 0.01 வினாடி, மற்ற இடத்தில் 0.1. பாதியாக்கியும் பார்த்தேன், விடை மாறவில்லை. கணிதம் சரியாகத்தான் இருக்கிறது.

வளவு (பெங்களூர், சொந்த ஊர் கானாடுகாத்தான்)

தம்பி, ஒரே ஒரு கேள்வி. பாராசூட்டை எப்போது விடுவது, இஞ்சினை எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்ய உயரம் வேண்டுமல்லவா? அந்த உயரத்தை உங்கள் நிரல் எங்கிருந்து எடுக்கிறது?

பட்டாலை (காரைக்குடி)

நிலையிலிருந்துதான் ஆச்சி. ஒவ்வொரு படியிலும் உயரம், வேகம் கணக்காகிறதே, அதையே இஞ்சின் கட்டுப்பாட்டுக்கு அனுப்புகிறேன்.

வளவு

அவ்வளவுதான் விஷயம். உங்கள் லேண்டருக்குத் தான் எங்கே இருக்கிறது என்று மில்லிமீட்டர் சுத்தமாகத் தெரிகிறது. நிஜ லேண்டர் எதற்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது. நான் விமானக் கட்டுப்பாட்டு மென்பொருள் சோதனையில் இருக்கிறேன், விண்கலத்தில் இல்லை, ஆனால் இந்த இடத்தில் இரண்டும் ஒரே தொழில்தான்.

நிரலை இரண்டாக வெட்டுங்கள். ஒரு பக்கம் உண்மை: கோள், காற்று, பாராசூட், கலம் நிஜமாக எங்கே இருக்கிறது என்பது. மறுபக்கம் கலத்தின் மூளை: அது உண்மையைப் பார்க்கவே கூடாது, சென்சார் சொல்வதை மட்டும் கேட்க வேண்டும். நடுவில் சென்சார் மாதிரிகள்: முடுக்கமானி, சுழற்சிமானி, ராடார். ஒவ்வொன்றுக்கும் பிழை, தாமதம், அளவெல்லை, சில சமயம் சுத்தமான பொய். இறங்கும் சிமுலேஷனில் முக்கால்வாசி வேலை இந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததிலிருந்து ராடார் வேலை செய்யத் தொடங்கும் வரை கலத்துக்கு வெளியே எதுவும் தெரியாது. முடுக்கத்தைக் கூட்டிக் கூட்டி வேகம், வேகத்தைக் கூட்டிக் கூட்டி இடம், அவ்வளவுதான். நம் ஊர் வீட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு முகப்பில் புறப்பட்டு அடியை எண்ணியே வளவு என்கிற உள்முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் போவது போலத்தான். முதல் நிலைப்படியில் கொஞ்சம் கோணினால் போதும், கடைசியில் பின்வாசல் என்று நினைத்துக் கையை நீட்டுவீர்கள், சுவர் இருக்கும். கணக்கில் சொன்னால், முடுக்கமானி வினாடிக்கு வினாடி 0.01 மீட்டர் மட்டும் தப்பாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 வினாடியில் அந்தத் தப்பு 800 மீட்டர் ஆகிவிடும். உங்கள் இஞ்சின் பற்றுவதே ஒரு கி.மீ.யில்.

தேவகோட்டை வாத்தியார்

அரை × 0.01 × 400 × 400. சரியாக 800.

பட்டாலை (காரைக்குடி)

ஆனால் ராடார் வந்ததும் அது திருத்திவிடுமே ஆச்சி?

வளவு

ராடார் சாய்வுத் தூரத்தைத்தான் சொல்லும். அதைச் செங்குத்து உயரமாக மாற்ற, கலம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். சாய்வை யார் சொல்வது? அதே சுழற்சிமானிதான்.

ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி 2016 அக்டோபர் 19 அன்று செவ்வாயில் மோதியது. விசாரணை அறிக்கையைப் படித்தால் உங்கள் பிராஜெக்டுக்கு ஒரு அத்தியாயமே கிடைக்கும். பாராசூட் விரிந்தபோது கலம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஆடியது. சுழற்சிமானி தன் எல்லையைத் தொட்டு, ஏறத்தாழ ஒரு வினாடி உச்ச எண்ணிலேயே நின்றுவிட்டது. மென்பொருள் அந்த உச்ச எண்ணை நிஜமென்று எடுத்துக் கூட்டியதில், கலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற மதிப்பீடு 165 டிகிரி அளவுக்குப் பிசகிவிட்டது. இப்போது 165 டிகிரிக்குக் கொசைன் பாருங்கள், மைனஸ் 0.97. ராடார் சரியான தூரத்தைத்தான் சொன்னது, அதை மைனஸால் பெருக்கியதும் கலம் தரைக்கு அடியில் இருப்பதாக விடை வந்தது. தரைக்கு அடியில் இருந்தால் இறங்கியாயிற்று என்றுதானே அர்த்தம்? பாராசூட்டை விட்டது, இஞ்சினை மூன்று வினாடி எரித்துவிட்டு அணைத்தது. நிஜத்தில் அப்போது உயரம் 3.7 கி.மீ. மணிக்கு 540 கி.மீ. வேகத்தில் போய் மோதியது.

இதில் சிமுலேஷனுக்கான பாடம் எங்கே என்றால், பாராசூட் ஆட்டத்தை அவர்களும் சிமுலேட் செய்துதான் இருந்தார்கள். அந்த மாதிரியில் ஆட்டம் சாதுவாக இருந்தது, அதனால் சுழற்சிமானி எல்லையைத் தொட்டு நிற்கும் நேரமும் சின்னதாகவே தெரிந்தது. உயரம் மைனஸில் வந்தால் என்ன செய்வது என்று கேட்கும் ஒரு வரியும் மென்பொருளில் இல்லை.

குழிப்பணியாரம்

உயரம் மைனஸில் போனால் நம் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டர் பையன்கூட ஏதோ கோளாறு என்று சொல்லிவிடுவானே.

வளவு

பையன் சொல்வான், ஏனென்றால் அவனுக்குத் தரை தெரியும். நிரலுக்கு நாம் சொன்னால்தான் தெரியும்.

புதுவயல் ரைஸ்மில்

எல்லாம் சரி. இவ்வளவு கம்ப்யூட்டர் கணக்குக்குப் பதில் நேராகவே இறக்கிச் சோதித்துப் பார்த்துவிடலாமே? எங்கள் மில்லில் புது மெஷின் வந்தால் நெல்லைக் கொட்டி ஓட்டித்தான் பார்ப்போம், படம் போட்டுப் பார்க்க மாட்டோம்.

தேவகோட்டை வாத்தியார்

நெல் இங்கே கிடைக்கிறது, செவ்வாய் கிடைக்கவில்லையே. முழு இறக்கத்தையும் பூமியில் ஒரு தடவைகூட நடத்த முடியாது. இங்கே ஈர்ப்பு 9.8, அங்கே 3.71, காற்றோ அறுபது மடங்கு தடிமன். 3.71-க்குச் செய்த இஞ்சினும் காலும் இங்கே தன் எடையையே தாங்காமல் திணறும்.

ஆனால் துண்டு துண்டாகச் சோதிக்கிறார்கள். நாசாவின் பெர்சிவியரன்ஸ் ரோவருக்கான பாராசூட்டை 2017, 2018-ல் சின்ன ராக்கெட்டில் ஏற்றி, 40 கி.மீ. அளவு உயரத்தில் விரித்துப் பார்த்தார்கள். அங்கே நம் காற்றும் செவ்வாய்க் காற்றளவு மெலிந்திருக்கும். சந்திரயான்-3 லேண்டரின் சென்சார்களை ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று சோதித்தார்கள், இஞ்சினோடு சேர்த்துக் கிரேனில் தொங்கவிட்டுச் சோதித்தார்கள், காலை மட்டும் தனியாகச் சந்திர மண் மாதிரியில் போட்டுச் சோதித்தார்கள். அந்த மாதிரி மண்ணுக்கான பாறை நம் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலையிலிருந்து போனது, அனார்த்தோசைட் என்ற வெளிர்ப் பாறை. நிலாவின் மேட்டு நிலப் பாறையும் அந்த இனம்தான். இந்தத் துண்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஓட்டிப் பார்க்க ஒரே இடம் கம்ப்யூட்டர்தான். ஒவ்வொரு சோதனையும் சிமுலேஷனில் ஏதாவது ஒரு எண்ணைத் திருத்தவே நடக்கிறது.

ஆத்தங்குடிக்கல்

நான் டைல் பட்டறை வைத்திருப்பவன், மகன் இந்த இழையைக் காட்டினான். பட்டாலை தம்பி, கால் பகுதியை நிஜமாகச் செய்து பார்க்க நினைத்தால் பட்டறையில் சலித்த மணல் குவியல் இருக்கிறது, வந்து போட்டுப் பாருங்கள். சிமென்ட் கலக்காத மணல்தான், உங்கள் கருவிக்கு ஒன்றும் ஆகாது.

பட்டாலை (காரைக்குடி)

ரொம்ப நன்றி அண்ணே, வருகிறேன்.

ஆச்சி சொன்னபடி நிரலை இரண்டாகப் பிரித்துவிட்டேன். முடுக்கமானிப் பிழையும் ராடாரில் கொஞ்சம் இரைச்சலும் சேர்த்ததும் முதல் ஓட்டத்திலேயே 300 மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு தரை வந்துவிட்டதாக நினைத்தது. இப்போதுதான் பிராஜெக்ட் ஆரம்பித்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. பிளைவுட்டில் ஒரு சின்ன லேண்டர் கட்டியிருக்கிறேன், மூன்று கால். முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில் எடுத்த ஸ்பிரிங் வைத்து, நூலை அறுத்தால் கால் படக்கென்று விரியும். ஒவ்வொரு பாதத்திலும் ஒரு லிமிட் சுவிட்ச், தரை தொட்டால் அமுங்கும். மேலே சுழற்சியும் முடுக்கமும் அளக்கும் எம்பியூ-6050 சென்சார். வீட்டு மாடியிலிருந்து வளவுக்குள் கயிற்றில் தொங்கவிட்டுப் பார்த்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, கயிறு முறுக்கு அவிழும்போது லேண்டர் சுற்றுகிறது, சென்சார் எண் ஏறிக்கொண்டே போய், அது காட்டக்கூடிய உச்ச எண்ணான 32767-ல் ஒட்டிக்கொள்கிறது. லேண்டர் இன்னும் வேகமாகச் சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது, எண் நகரவில்லை. இரண்டாவது, நூலை அறுத்துக் கால் விரியும்போது, அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கையிலேயே ஒரு பாதத்தில் சுவிட்ச் 'டிக்' என்று அமுங்கி விடுகிறது. எல்லாத் தடவையும் இல்லை, சில தடவை.

வளவு

அடடா. தம்பி, உங்கள் வீட்டு வளவில் இரண்டு விபத்தை ஒன்றாக நடத்திவிட்டீர்கள்.

முதலாவது ஸ்கியாபரெல்லி. அந்த சென்சார் தானாக வினாடிக்கு 250 டிகிரி எல்லையில்தான் வரும், வினாடிக்கு முக்கால் சுற்றுகூட இல்லை. 2000 வரை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் உடனே மாற்றாதீர்கள். 32767 வந்தால் அதை அளவாக எடுக்காமல் 'தெரியவில்லை' என்று எடுக்கும்படி முதலில் நிரலை எழுதுங்கள், அப்புறம் எல்லையை ஏற்றுங்கள்.

இரண்டாவது நாசாவின் மார்ஸ் போலார் லேண்டர். 1999 டிசம்பர் 3, இறங்கும் நாளில் சத்தமே இல்லாமல் காணாமல் போனது. விசாரணைக் குழு மிகவும் சாத்தியமான காரணமாகச் சொன்னது இதே 'டிக்'தான். 1,500 மீட்டர் உயரத்தில் கால் விரிந்தபோது ஏற்பட்ட அதிர்வைப் பாதத்துச் சென்சார் தரை என்று பதிந்துவிட்டது. மென்பொருள் அந்த நேரத்தில் அதைக் கண்டுகொள்ளவில்லை, ஆனால் அழிக்கவும் இல்லை. 40 மீட்டர் உயரத்தில் 'இனித் தரைச் சென்சாரைக் கவனி' என்ற கட்டம் வந்ததும், ஏற்கெனவே பதிந்து கிடந்ததைப் பார்த்து இஞ்சினை அணைத்துவிட்டது. இது ஊகம்தான், ஏனென்றால் இறங்கும்போது தகவல் அனுப்பும் வசதியே அதில் வைக்கவில்லை. வயிற்றெரிச்சல் என்னவென்றால், கால் விரியும் சோதனையைத் தரையில் செய்தும் பார்த்தார்கள். அப்போது அந்தச் சென்சார்களின் ஒயர் மாறிப் போயிருந்தது, அதனால் பொய்ச் சமிக்ஞை தெரியவில்லை. ஒயரைச் சரி செய்தார்கள், சோதனையைத் திரும்ப நடத்தவில்லை.

தேவகோட்டை வாத்தியார்

40 மீட்டரில் அணைந்தால் எவ்வளவு வேகம் என்று போட்டுப் பார்த்தேன். அப்போது வேகம் வினாடிக்கு 13 மீட்டர். 13-ன் இருமடி 169, அதோடு 2 × 3.71 × 40 சேர்த்தால் 466, வர்க்கமூலம் 21.6. மணிக்கு 78 கி.மீ. திருப்பத்தூர் ரோட்டில் பஸ் போகிற வேகம். அந்த லேண்டரின் கால் தாங்கும்படி கட்டியது வினாடிக்கு 2.4-க்கு.

புதுவயல் ரைஸ்மில்

சரி, வெளிநாட்டுக்காரர்கள் கதை போதும். 2019-ல் நம் சந்திரயான்-2-ன் விக்ரம் லேண்டர் நிலாவில் ஏன் விழுந்தது? இங்கேயும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துத்தானே அனுப்பியிருப்பார்கள். அப்போது டிவியில் பேசியவர்கள் எல்லாம் தகவல் தொடர்பு போய்விட்டது என்றுதான் சொன்னார்கள்.

வளவு

தொடர்பு போனது விளைவு, காரணம் இல்லை. இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் 2023-ல் வெளிப்படையாகவே விளக்கினார். வேகத்தைக் குறைக்கும் ஐந்து இஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. நடுவில் படம் எடுப்பதற்காகக் கலம் ஆடாமல் இருக்க வேண்டிய ஒரு கட்டம் இருந்தது, அந்த நேரத்தில் திருத்த முடியாமல் பிழை சேர்ந்துகொண்டே போனது. பிறகு திருத்த வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, ஆனால் எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்பதற்கு மென்பொருளில் ஒரு வரம்பு. போதாததற்கு 500 மீட்டருக்கு 500 மீட்டர் இடத்தில்தான் இறங்க வேண்டும். இடத்தை எட்ட வேண்டுமா, வேகத்தைக் குறைக்க வேண்டுமா என்று இரண்டு பக்கமும் இழுத்தது.

சந்திரயான்-3-ல் என்ன செய்தார்கள் பாருங்கள். இறங்கும் இடத்தை ஏறத்தாழ 4 கி.மீ.க்கு 2.5 கி.மீ. ஆக்கினார்கள், நடு இஞ்சினை எடுத்தார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், காலை வினாடிக்கு 3 மீட்டர் தாங்கும்படி ஆக்கினார்கள், வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி சேர்த்தார்கள். எது தவறினால் எப்படித் தாங்கும் என்றுதான் வடிவமைப்பையே தொடங்கினார்கள். சென்சார் போனால்? இஞ்சின் போனால்? 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு இறங்கியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல்.

புதுவயல் ரைஸ்மில்

இப்படிச் சொன்னால் புரிகிறது. இதை அன்றைக்கே டிவியில் சொல்லியிருக்கலாம்.

பட்டாலை (காரைக்குடி)

ஆச்சி, ஒரு சந்தேகம். இப்போது காற்று, கோணம், எடை, பாராசூட் இழுவை, முடுக்கமானிப் பிழை, ராடார் இரைச்சல், இஞ்சின் உந்து, காற்று வீச்சு எல்லாம் மாறும்படி இருக்கிறது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் மறுபடியும் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. எல்லாவற்றையும் அதிகபட்ச மோசத்தில் வைத்தால் கண்டிப்பாக மோதுகிறது. எதை நம்புவது?

வளவு

இரண்டையுமே நம்ப வேண்டாம். ஒவ்வொன்றாக மாற்றினால் இரண்டு சின்னப் பிழை சேர்ந்து செய்கிற வேலை தெரியாது. எல்லாமே மோசம் என்றால், அப்படி ஒரு நாள் வரவே வராது. நடுவில் இருப்பதுதான் மான்டி கார்லோ: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எல்லா எண்ணையும் அதனதன் பரவலிலிருந்து குலுக்கிப் போட்டு எடுங்கள், ஆயிரக்கணக்கில் ஓட்டுங்கள். கியூரியாசிட்டி என்ற செவ்வாய் ரோவருக்கு நாசாவின் லாங்லி மையத்தில் ஒரு தொகுதிக்குச் சுமார் 8,000 ஓட்டம் ஓட்டினார்கள், ஒவ்வொரு முறை கலத்தில் ஏதாவது மாறினாலும் திரும்ப அத்தனையும். காற்றுக்குத் தனி மாதிரியே வைத்திருக்கிறார்கள், மார்ஸ்-கிராம் என்று பெயர். பருவம், நேரம், தூசி அளவுக்கு ஏற்ப அடர்த்தியும் காற்று வீச்சும் மாறும். உங்களுக்கு அது வேண்டாம், அடர்த்தியை உயரத்தோடு கொஞ்சம் அலைபாய விட்டால் போதும்.

ஓட்டி முடித்ததும் சராசரியைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். மோதிய ஓட்டங்களை மட்டும் தனிக் கோப்பில் எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தெந்த எண் எப்படி விழுந்தது என்று உட்கார்ந்து பாருங்கள். குலுக்கலைத் தொடங்கி வைக்கும் விதை எண்ணை அதேபடி கொடுத்தால் அதே ஓட்டம் திரும்ப வர வேண்டும், அதை மட்டும் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் மோதியதைத் திரும்பப் பார்க்கவே முடியாது.

குழிப்பணியாரம்

8,000 தடவை ஓட்ட என் கம்ப்யூட்டரை நம்பினால் மின்வெட்டுக்கு நடுவே அடுத்த பொங்கலுக்குத்தான் விடை வரும்.

பட்டாலை (காரைக்குடி)

பைதானின் கணக்கு நூலகமான நம்பையில் (NumPy) எல்லா ஓட்டத்தையும் ஒரே அணியாகப் போட்டால் ராத்திரி விட்டுக் காலையில் வந்துவிடுகிறது அண்ணே.

ஓட்டிவிட்டேன். மோதியவை நான் நினைத்த இடத்தில் இல்லை. காற்று மெலிந்த ஓட்டங்கள்தான் மோதும் என்று நினைத்தேன், அவை தாமதமாகப் பாராசூட் விரித்தாலும் பெரும்பாலும் சமாளித்துவிடுகின்றன. நிறைய மோதியது, கவசம் கழன்ற அடுத்த இரண்டு மூன்று வினாடிக்குள் ராடார் இயங்கத் தொடங்கிய ஓட்டங்கள். ராடார் திடீரென்று சின்னத் தூரம் சொல்கிறது, மூளை அதை நம்பிப் பாராசூட்டை விட்டுவிடுகிறது. கவசத்தையும் தனிப் பொருளாக விழ விட்டிருந்தேன், ராடார் கதிரின் பாதையில் அது குறுக்கே இருக்கிறது.

வளவு

சபாஷ். இதை யாரும் சொல்லாமல் உங்கள் சிமுலேஷனே கண்டுபிடித்திருக்கிறது பாருங்கள். ஃபீனிக்ஸ் குழு நிஜமாகவே மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் இது, விழுந்துகொண்டிருக்கும் கவசத்தை ராடார் தரையென்று பிடித்துக்கொள்ளுமோ என்று. கவசம் போதுமான தூரம் போகும் வரை ராடாரைக் கேட்காதீர்கள். ஆனால் ரொம்பத் தாமதித்தால் முடுக்கமானிப் பிழை வளர்ந்துவிடும். எத்தனை வினாடி என்பதை உங்கள் ஓட்டங்களே சொல்லட்டும், அந்த வரைபடம் ஒன்று போதும் வைவாவுக்கு.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 'முந்தைய மதிப்பீட்டிலிருந்து ரொம்ப விலகினால் ராடாரைத் தள்ளிவிடு' என்று ஒரு வரி போட ஆசை வரும். ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனத்தின் ஹகுட்டோ-ஆர் 2023 ஏப்ரலில் நிலாவில் அப்படித்தான் போனது. அட்லஸ் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியதும் தரை திடீரென்று 3 கி.மீ. கீழே போயிற்று. ராடார் அதைச் சரியாகச் சொன்னது. மென்பொருளுக்கு அந்தத் தாவல் நம்ப முடியாததாகப் பட்டது, சென்சார் கெட்டுவிட்டது என்று தள்ளிவிட்டது. கலம் தரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு 5 கி.மீ. உயரத்தில் எரிபொருளைத் தீர்த்துவிட்டு விழுந்தது. இறங்கும் இடத்தை வடிவமைப்பு ஆய்வு முடிந்த பிறகு மாற்றியிருந்தார்கள், புது இடத்துக்குப் போகும் வழியில் இருந்த நில அமைப்பு சிமுலேஷனில் போதுமான அளவு சேரவில்லை.

தேவகோட்டை வாத்தியார்

ஆக, ஸ்கியாபரெல்லி பொய்யை நம்பி விழுந்தது, ஹகுட்டோ உண்மையைத் தள்ளி விழுந்தது. பையன்களுக்கு இதை வைத்தே ஒரு வகுப்பு எடுக்கலாம்.

ஆத்தங்குடிக்கல்

தம்பி நேற்றுப் பட்டறைக்கு வந்திருந்தார். காய்ந்த மணலில் கால் சுத்தமாகப் புதைந்து சாய்ந்தது, கொஞ்சம் ஈரம் தெளித்து அடித்த மணலில் துள்ளிவிட்டு நின்றது. எனக்கு ஒரு கேள்வி: செவ்வாயில் மணல் எப்படி இருக்கும் என்று இவருடைய கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது?

பட்டாலை (காரைக்குடி)

இப்போதைக்கு மூன்று வகையாகப் போட்டிருக்கிறேன் அண்ணே: கெட்டித் தரை, இறுகிய மண், பொருபொருவென்ற மண். அதையும் குலுக்கலில் சேர்த்துவிட்டேன், கூடவே 15 டிகிரி வரை சரிவும். காய்ந்த மணலும் சரிவும் சேர்ந்து வரும் ஓட்டங்களில் வேகம் சரியாக இருந்தும் லேண்டர் கவிழ்கிறது. காலை இன்னும் அகலமாக விரிக்க வேண்டும் போலிருக்கிறது. அகலமாக்கினால் ஸ்பிரிங் பலம் கூட வேண்டும், ஸ்பிரிங் பலமானால் அந்த 'டிக்' கூடும்.

வளவு

கூடட்டும். கால் விரிந்து முடிந்ததும் சுவிட்ச் பதிவை அழிக்கும் வரியை எழுதிவிட்டீர்களா?

பட்டாலை (காரைக்குடி)

எழுதிவிட்டேன் ஆச்சி. கால் விரிந்ததும் ஒரு தடவை, 40 மீட்டரில் கவனிக்கத் தொடங்கும் முன் ஒரு தடவை.

வளவு

அப்படியானால் ஸ்பிரிங்கை மாற்றிக் கட்டி, மாடியிலிருந்து திரும்பத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒயர் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.